அறிதலும் ஒழுகலும்: பாலியல் நோய்த் தடுப்பில் நடத்தை மாற்றம்

நோய் இன்னதென ஆராய்தலும், அதன் காரணத்தை ஆராய்தலும், அதனைத் தணிக்கும் வழியை ஆராய்தலும் மருத்துவனுக்குரிய கடன்கள் என்பதைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் எடுத்துரைத்துள்ளார். இம்மூன்றும் நிறைவேறிய பின்னும் ஒரு நோய் மக்களிடையே பரவுமாயின், அதற்குரிய காரணத்தை மருத்துவ நூல்களில் மட்டும் தேடிப் பயனில்லை. மக்களின் வாழ்க்கையிலேயே தேடுதல் வேண்டும். பாலுறவினாற் பரவும் நோய்கள் அத்தகையன. அவற்றை உண்டாக்கும் கிருமிகள் யாவை என்பதும், அவை பரவும் வழிகள் எவை என்பதும், அவ்வழிகளை அடைக்கும் முறைகள் எவை என்பதும் ஐயமற அறியப்பட்டுவிட்டன. எனினும் அந்நோய்கள் ஒழிந்தபாடில்லை. அறிதலுக்கும் அறிந்தபடி ஒழுகுதலுக்கும் இடையேயுள்ள தொலைவினை எவ்வாறு கடப்பது என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருளாகும்.

இத்தகைய பொருளைக் கல்லூரி மலரொன்றில் எழுதப் புகுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். பொகவந்தலாவைப் பகுதியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்துவரும் யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென உணர்த்திய நிகழ்ச்சியைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவேன்.

நோய்களின் இயல்பு

பாலியல் நோய்கள் பல வகைப்படும். வெட்டை நோயின் கிருமியை 1879ஆம் ஆண்டில் நைசர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டார். சிபிலிசு என்னும் கொடிய மேகநோயின் கிருமி 1905இல் அறியப்பட்டது. 1943இல் பெனிசிலின் மருந்து அந்நோயைத் தீர்க்கவல்லது என்பது நிறுவப்பட்டது. இவ்விரண்டும் உரிய காலத்திற் சிகிச்சை பெறின் முற்றாகக் குணமாகும் நோய்கள். எச்.ஐ.வி. என்னும் வைரசோ 1983இல் பாரிசு நகர ஆய்வாளர்களாற் கண்டறியப்பட்டது. அது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அழித்து, இறுதியில் எயிட்ஸ் எனப்படும் நிலைக்கு உடலைக் கொண்டுசெல்லும். 1996 முதல் வழக்கிற்கு வந்த கூட்டு மருந்துகள் அவ்வைரசை உடலினின்றும் முற்றாக நீக்கமாட்டாவெனினும், அதனை அடக்கிவைத்து ஏனையோரைப் போன்று நீண்டகாலம் வாழச் செய்கின்றன.

இந்நோய்களுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை மறைந்திருத்தலில் வல்லன. சிபிலிசின் முதற் புண் வலியற்றது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் தீர்ந்ததென மகிழ்வோன் உடலில் அது உள்ளே வேரூன்றியிருக்கும். வெட்டை நோய் பெண்களிற் பலருக்கு எவ்வித அறிகுறியையும் காட்டாது. எச்.ஐ.வி. தொற்றியவர் ஆண்டுக்கணக்கில் நலமுடன் தோன்றுவார். ஆதலின் ஒருவர் நோயுற்றவரா அல்லரா என்பதைத் தோற்றத்தாலோ, உடையாலோ, குடிப்பிறப்பாலோ அறிதல் இயலாது. உரிய மருத்துவப் பரிசோதனையினாலேயே அறிதல் கூடும். தொற்றிய உடனே செய்யும் பரிசோதனையும் உண்மையைக் காட்டாமற் போகலாம். அதனாலேயே மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்குமாறு வைத்தியர்கள் கூறுவர்.

எச்.ஐ.வி. பரவும் வழிகள் பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள குருதியும் ஊசியும், தாயிடமிருந்து சேய்க்குச் செல்லுதல் என்பனவே. ஒரே குவளையில் தேநீர் அருந்துவதாலோ, ஒரே பீலியில் நீராடுவதாலோ, கைகுலுக்குவதாலோ, நுளம்பு கடிப்பதாலோ அது பரவாது. வேறொரு பாலியல் நோயினால் உண்டான புண்ணோ அழற்சியோ இருப்பின், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகும் என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

அச்சமும் அடக்குமுறையும்

இந்நோய்களைத் தடுக்க அரசுகள் முதலிற் கைக்கொண்ட கருவி அடக்குமுறையே. 1864ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டமொன்றை இயற்றியது. படைவீரரைப் பாலியல் நோயினின்றும் காத்தலே அதன் நோக்கம். துறைமுகங்களிலும் பாசறை நகரங்களிலும் பரத்தையர் என ஐயுறப்பட்ட பெண்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தவும், நோய் காணப்பட்டோரை மருத்துவமனையில் அடைத்துவைக்கவும் அச்சட்டம் இடமளித்தது. அவர்களிடம் சென்ற ஆடவருக்கோ எப்பரிசோதனையும் இல்லை. 1868இல் இந்தியாவிலும் இத்தகைய சட்டம் வந்தது. பெண்கள் பதிவுக்கு அஞ்சி மறைந்தொழுகினர். நோயும் அவர்களோடு மறைந்து சென்றது. ஜோசபின் பட்லர் அம்மையார் முதலானோரின் நெடும் போராட்டத்தின் பின் பிரித்தானியச் சட்டம் 1886இலும், இந்தியச் சட்டம் 1888இலும் நீக்கப்பட்டன.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின் அதே பிழை சென்னையில் மீண்டும் நிகழ்ந்தது. 1986இன் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா என்னும் இளம் மருத்துவர், தம் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், காவல் இல்லமொன்றில் இருந்த பாலியற் றொழிலாளர் முதலானோரின் குருதியைச் சேகரித்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று பரிசோதித்தார். ஆறு பேரிடம் எச்.ஐ.வி. காணப்பட்டது. இந்தியாவில் அத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அப்போதே. தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அச்செய்தியை மே மாதம் சட்டசபையில் அறிவித்தார். அது மேலைநாட்டவரின் நோயென்றும் நம் பண்பாடு நம்மைக் காக்குமென்றும் கூறிவந்தோர் முதலில் நம்ப மறுத்தனர், பின்னர் அஞ்சினர். தொற்றுக் காணப்பட்ட பெண்கள் சிலர் விடுதலை பெறவேண்டிய காலம் கடந்தும் அடைத்துவைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த வழக்கின் பயனாகவே 1990இல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. சிறைப்பட்டோர் சிலரே, வெளியில் இருந்த நோயோ எவராலும் சிறைப்படுத்தப்படவில்லை.

தமிழ்நாடு கண்ட வழி

இதன் பின்னர் தமிழ்நாடு வழியை மாற்றிக்கொண்டது. 1994இல் மாநில எயிட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய சங்கத்தை முதலில் நிறுவியது தமிழ்நாடே. 1995இல் சென்னையிலுள்ள வி.எச்.எஸ். என்னும் தொண்டு மருத்துவ நிறுவனம் அமெரிக்க உதவியுடன் ஒரு தடுப்புத் திட்டத்தை மேற்கொண்டது. இத்திட்டங்கள் எவ்வாறு இயங்கின என்பதை நோக்குதல் வேண்டும்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் உபதேசிக்க அவர்கள் முற்படவில்லை. தொற்று எங்கே மிகுதியாகக் கைமாறுகின்றது என்று முதலில் ஆராய்ந்தனர். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து நெடுஞ்சாலையில் வாழும் லொறிச் சாரதிகளிடமும், பாலியற் றொழிலாளரிடமும், புலம்பெயர்ந்து உழைக்கும் இளைஞரிடமும் சென்றனர். அவர்களிடம் பேசியோர் பெரும்பாலும் அவ்வக் குழுவினரிடமிருந்தே தேர்ந்து பயிற்றப்பட்டோர். சாரதிக்குச் சாரதி கூறும் சொல்லில் ஏளனம் இல்லை; கேட்போனுக்கு வெட்கமும் குறைவு. பேச்சோடு நில்லாது, வழியோரத் தேநீர்க் கடையிலும் பெட்டிக்கடையிலும் ஆணுறை எளிதாகக் கிடைக்குமாறு செய்தனர். பாலியல் நோய்களுக்கு உடனடிச் சிகிச்சை பெறவும் வழிசெய்தனர். மக்கள் நடத்தை உண்மையில் மாறியுள்ளதா என்பதை 1996 முதல் தொடர்ந்து அளவிட்டும் வந்தனர். புள்ளிராஜா என்னும் கற்பனை மனிதன் ஒருவனுக்கு எயிட்ஸ் வருமா என வினவிய பெரும் விளம்பரப் பலகைகள் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிற் சென்னைத் தெருக்களில் எழுந்தன. முகம் சுளித்தோர் பலர். ஆயினும் வீட்டில் வாய்விட்டுப் பேசப்படாதிருந்த பொருள் அக்கேள்வியினாற் பேசப்படலாயிற்று.

பயன் யாது? தமிழ்நாடு உட்பட்ட நான்கு தென்மாநிலங்களில், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த 15 முதல் 24 வயது வரையான பெண்களை ஆராய்ந்த ஆய்வொன்று 2006இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் அவர்களுள் நூற்றுக்கு 1.7 பேரிடம் காணப்பட்ட எச்.ஐ.வி. தொற்று 2004இல் 1.1 ஆகக் குறைந்திருந்தது. ஆடவர் பாலியற் றொழிலாளரிடம் செல்லுதல் குறைந்தமையும், அங்கு ஆணுறைப் பயன்பாடு மிகுந்தமையும் இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். அண்டை நாடாகிய தாய்லாந்தின் அனுபவமும் இதனையே காட்டும். அங்கு விடுதிகளில் ஆணுறையின்றி உறவில்லை என்னும் விதி 1989இல் ஒரு மாகாணத்திற் சோதிக்கப்பட்டு, 1991 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அவ்விடங்களில் 1989இல் நூற்றுக்கு 14 ஆக இருந்த ஆணுறைப் பயன்பாடு 1993 அளவில் 94 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் அரசாங்க நிலையங்களுக்குப் பாலியல் நோய்களுடன் வந்த ஆடவர் தொகை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

மாற்றத்தின் படிகள்

இவற்றினின்றும் நாம் பெறும் பாடம் யாது? மனிதன் அறிந்தவுடன் மாறுவதில்லை. புகையிலையின் தீங்கை அறியாத புகைப்போர் இன்று எவரேனும் உளரோ? மாற்றம் பல படிகளைக் கடந்தே நிகழ்கின்றது. முதலாவது, நோயைப் பற்றிய தெளிந்த அறிவு. இரண்டாவது, அது பிறருக்கு மட்டுமன்றித் தனக்கும் வரக்கூடும் என்னும் உணர்வு. மூன்றாவது, செய்யத்தக்கதைச் செய்யும் திறன். விருப்பமற்ற உறவை மறுத்துரைக்கவும், துணையிடம் ஆணுறை பற்றிப் பேசவும், அதனைச் சரிவரப் பயன்படுத்தவும் பழகவேண்டியுளது. நான்காவது, ஏற்ற சூழல். ஆணுறை கேட்பவனைக் கடைக்காரன் நகைப்பானாயினும், நிலையத்துக்குச் செல்பவளை அயலார் தூற்றுவாராயினும், முன்கூறிய மூன்றும் இருந்தும் பயனில்லை. ஐந்தாவது, நிலைபேறு. ஒருநாள் காத்துக்கொண்டு மறுநாள் தவறுவோனை நோய் ஒதுக்கி வைப்பதில்லை.

நம் பிரசாரங்களிற் பெரும்பாலானவை முதற்படியோடு நின்றுவிடுகின்றன. டிசம்பர் முதலாம் நாள் எயிட்ஸ் தினமாக 1988 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகின்றது. அன்று பாடசாலைகளிற் சுவரொட்டி வரைகின்றோம். மண்டையோட்டையும் பாம்பையும் தீட்டுகின்றோம். அச்சுவரொட்டியைக் கண்ட இளைஞன் எயிட்ஸ் கொடியது என்று அறிகின்றான். எங்குச் சென்று பரிசோதிப்பது என்பதை அறிகிலன். வழிகாட்டாத அச்சம் மறைப்பையே வளர்க்கும்.

கற்பொழுக்கமும் காப்பும்

ஒழுக்கத்தை வற்புறுத்தாது ஆணுறையைப் பேசுதல் தகாது என்பார் உளர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்குதல் முறையன்று. பாலுறவைக் காலம் வரும்வரை தள்ளிவைத்தலும், இருவரும் ஒருவருக்கொருவர் உண்மையாய் வாழ்தலும் உறுதியான காப்புகளே. ஆயின் இக்காப்பு இருவரும் பேணும்போது மட்டுமே காப்பாகும். அதுவும் இருவரும் முன்னரே தொற்றற்றவராய் இருத்தல் வேண்டும். சுனிதி சாலமன் 1993இற் சென்னையில் நிறுவிய மருத்துவ நிலையத்துக்கு வந்த தொற்றுள்ள பெண்களிற் பெரும்பாலோர் தம் கணவரையன்றிப் பிறரை அறியாதவர். கற்பு அவர்களிடம் குறைவின்றி இருந்தது; கணவனைப் பரிசோதனைக்கு அழைக்கும் உரிமையே அவர்களிடம் இருக்கவில்லை. ஒழுக்கத்தைப் பெண்ணுக்கு மட்டும் உரியதாக்கிய சமூகம் அவளைக் காக்கும் கருவியையும் அவளுக்குத் தருதல் வேண்டுமன்றோ? ஆதலின் ஒழுக்கமும் ஆணுறையும் பரிசோதனையும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வாழ்க்கையின் வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு மனிதருக்கு உதவுவன.

சிகிச்சையே தடுப்பாதலும் இக்காலத்து அறிவியல் கண்ட பேருண்மை. மருந்தை நாடோறும் தவறாது உட்கொண்டு, குருதியில் வைரசு கண்டறியவியலா அளவுக்குக் குறைந்த நிலையில் உள்ளவரிடமிருந்து பாலுறவினால் எச்.ஐ.வி. பரவாது என்பது பல ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. எனவே பரிசோதனைக்குச் செல்வதும் நடத்தை மாற்றத்தின் தலையாய கூறாகும்.

மலைநாட்டு நிலைமை

நம் இலங்கையில் தொற்றுற்ற முதல் இலங்கையர் 1987இற் கண்டறியப்பட்டார். இன்றும் நம் நாடு இத்தொற்றுக் குறைந்த நாடுகளுள் ஒன்று. கர்ப்பிணிப் பெண்களுக்குச் சிபிலிசு, எச்.ஐ.வி. ஆகிய இரண்டுக்குமான குருதிப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. சிகிச்சை இல்லையாயின் தொற்றுள்ள தாய்மாரின் சேய்களுள் நூற்றுக்கு 15 முதல் 45 வரையானோர்க்கு எச்.ஐ.வி. செல்லக்கூடும். உரிய சிகிச்சையால் அது ஐந்துக்கும் கீழே குறையும். தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் செல்வதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. லயன் வாசல்தோறும் நடந்து சென்று கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் மருத்துவமாதரின் உழைப்பும் அச்சான்றினுள் அடங்கியுள்ளது. அவர்கள் எவரையும் அச்சுறுத்தவில்லை; பரிசோதனையைக் கர்ப்பகாலத்தின் வழக்கமான செயல்களுள் ஒன்றாக்கிவிட்டனர். எல்லோரும் செய்வதில் எவருக்கும் இழிவில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் பாலியல் வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் ஆறாந் தர மாணவியருக்குப் பாடசாலையிலேயே ஏற்றப்படுவதும் இத்தகையதே.

ஆயின் ஆடவரும் மணமாகா இளைஞரும் இவ்வலையில் அகப்படுவதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 600க்கு மேற்பட்டோரிடம் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, அவர்களுட் பெரும்பாலோர் ஆடவர். நம் தோட்டங்களைக் காண்போம். கொழுந்துக் கூலியால் வாழவியலாத குடும்பங்களின் பிள்ளைகள் பதினாறு பதினேழு வயதிலேயே கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். தாய்மார் வெளிநாடு சென்று உழைக்கின்றனர். தனிமையும் இளமையும் கையிற் சிறிது பணமும் ஒருங்கு சேரும் இடத்திற் புத்திமதி கூற எவருமில்லை. ஊருக்குத் திரும்பினாலோ, லயத்தின் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. ஒருவர் பஸ் ஏறினால் எங்குச் செல்கின்றார் என்பதைப் பத்துப் பேர் வினவுவர். இத்தகைய இடத்தில் மறைவான நோய்க்கு மருந்து தேடுதல் எளிதன்று.

ஆசிரியர் கடன்

இனி, முற்கூறிய நிகழ்ச்சிக்கு வருவேன். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கொழும்பிற் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். நெடுநேரம் மழையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேசியிருந்துவிட்டு, எழுந்து வாயிற்படி வரை சென்று மீண்டும் வந்து அமர்ந்தான். பின்னர்த் தனக்குற்ற நோயைக் கூறினான். மூன்று மாதங்களாக மறைத்து, நண்பனொருவன் வாங்கித் தந்த குளிசைகளை உட்கொண்டு, வலி சிறிது தணிந்ததும் நிறுத்தி, மீண்டும் வாங்கி உட்கொண்டு வந்திருக்கின்றான். அரைகுறையாக உட்கொள்ளும் மருந்து கிருமியை அழிப்பதற்குப் பதிலாக மருந்தை எதிர்க்கும் வன்மையை அதற்கு அளிக்கும் என்பதை அவன் அறிந்திலன். யான் சினந்து, "இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, படிக்கவில்லையா?" என்றேன். அவன் தலை குனிந்தபடி, "சேர், அந்தப் பாடத்த நீங்க படிச்சிக் குடுக்கலையே. வீட்ல படிச்சுக்கங்கன்னு சொல்லிட்டீங்க" என்றான்.

அவன் கூறியது உண்மை. சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடத்தை ஆசிரியர் பற்றாக்குறையால் யானும் சில ஆண்டுகள் கற்பித்தேன். அப்பகுதி வந்தபோதெல்லாம் மாணவியர் முன்னே கூச்சமுற்று, வீட்டிற் படிக்குமாறு கூறிப் பக்கங்களைப் புரட்டிவிட்டேன். ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் லயத்தில் எப்பிள்ளை அதனைப் படிக்கும்?

விடுமுறை கழிந்ததும் இருவருமாக முதற் பஸ்ஸிலே புறப்பட்டு அரசினர் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றோம். எவரும் ஏளனஞ் செய்யவில்லை, பணமும் கேட்கவில்லை. அவன் விவரம் எதுவும் வெளியாகாது என்று தாதி உறுதி கூறினார். சிகிச்சையால் நோய் தீர்ந்தது. எச்.ஐ.வி.க்கான குருதிப் பரிசோதனை அன்றும் மூன்று மாதத்தின் பின்னும் தொற்றின்மையைக் காட்டியது. தன்னோடு உறவுகொண்டவருக்கும் அறிவித்துச் சிகிச்சைக்கு வரச் செய்யவேண்டும் என்று வைத்தியர் கூறியபோதே அவன் மிகவும் தயங்கினான். எனினும் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்துக் கூறினான். நடத்தை மாற்றம் என நூல்கள் கூறுவது யாதென்று யான் கண்கூடாகக் கண்டது அத்தொலைபேசி அழைப்பிலேயே. அதற்கு அவனுக்கு வேண்டியிருந்தது துணிவு. அத்துணிவு பிறர் தன்னை இழிவாக நடத்தாமையால் விளைந்தது.

அவ்வாண்டு முதல் அப்பகுதியைத் தாண்டிச் செல்வதில்லை. மாணவரையும் மாணவியரையும் வெவ்வேறாக அமர்த்தி, பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியை ஒருவரைக் கொண்டு கற்பிக்கின்றோம். கேள்விகளைப் பெயரின்றிக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் இடச் செய்கின்றோம். முதலாண்டில் வந்த கேள்விகளை வாசித்தபோது, பிள்ளைகள் எத்துணைத் தவறான செய்திகளை எங்கெங்கிருந்தோ பெற்றுள்ளனர் என்பது புலனாயிற்று. நாம் வாய்திறவாமையால் அவர்கள் அறியாமல் இருந்துவிடவில்லை, பிழைபட அறிந்திருந்தனர். பெற்றோர் சிலர் வந்து வினவினர். பாடநூலைக் காட்டி விளக்கியதும் பெரும்பாலோர் உடன்பட்டனர். தம் பிள்ளை அடுத்த மாதம் கொழும்புக்குப் புறப்படுகின்றான், அவனுக்குத் தனியே ஒருமுறை எடுத்துக் கூறுமாறு வேண்டிச் சென்ற தாயும் உண்டு.

சென்னையும் தாய்லாந்தும் கற்பித்ததை நம் மலைநாட்டுக்கு ஏற்பச் செய்தற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஊரை விட்டுச் செல்லும் இளைஞனுக்கு நோயின் இயல்பையும், காக்கும் முறையையும், சிகிச்சை நிலையம் உள்ள இடத்தையும் அவன் தாய்மொழியிற் கூற ஒருவர் வேண்டும். திரும்பிவந்து உண்மையைக் கூறுவானாயின், அதனைச் செவிமடுத்து அவனோடு பஸ் ஏற ஒருவர் வேண்டும். பாடசாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு தொகுதி மாணவரும் இவ்விரண்டையும் பெற்றுச் செல்லுமாறு செய்தல் ஆசிரியராகிய எமது கடன் என்க.